பலாவுக்கு ஏற்ற இழைப்புளி

தஞ்சாவூர்ப் பக்கம் வீட்டிலேயே ஒரு தம்புராவோ சின்ன வீணையோ செய்து பார்க்க ஆசைப்படுகிறவர் முதலில் கேட்பது, "என்ன மரம்?" என்றுதான். அதற்குப் பதில் ஊருக்கே தெரியும்: பலா. இரண்டாவது கேள்வியில்தான் பணம் வீணாகிறது. "எந்த இழைப்புளி வாங்கலாம்?"

ஆப்பு வைத்த மர இழைப்புளி சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். உள்நாட்டில் செய்த இரும்பு இழைப்புளிக்கு ஆயிரம், இரண்டாயிரம் ஆகும். பெயர் பெற்ற வெளிநாட்டு இழைப்புளி இங்கே வந்து சேர்வதற்குள் இருபதாயிரத்தைத் தாண்டிவிடும். வித்தியாசம் இவ்வளவு இருப்பதால், விலை கூடினால் வேலை சுத்தமாக வரும் என்று நினைப்பது இயல்பு. பாதிதான் உண்மை.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதல் வாத்தியத்துக்கு 14 அங்குல நீள இரும்பு இழைப்புளி ஒன்று போதும். மலிவான புதியதாகவும் இருக்கலாம், நல்ல பழையதாகவும் இருக்கலாம். ஆனால் ஒதுக்கிய பணத்தில் பாதிக்கு மேல் அதற்குச் செலவழிக்காதீர்கள். மீதிப் பணம் சாணைக்கல்லுக்கு. மரத்தை வெட்டுவது அலகின் நுனி. இழைப்புளி உடம்பின் வேலை அந்த நுனியை ஆடாமல் பிடித்திருப்பது மட்டுமே.

எந்த இடத்தில் இழைப்புளி?

2013இல் புவிசார் குறியீடு பெற்ற தஞ்சாவூர் வீணையில் பெரும்பாடு உளிக்குத்தான். குடத்தைக் குடைவது உளியும் கொட்டாப்புளியும். யாளி முகம், பூ வேலை எல்லாமே உளி. குடம், தண்டி எல்லாம் ஒரே மரத்தில் குடைந்தால் ஏகாந்த வீணை. தனித்தனியாகச் செய்து சேர்த்தால் ஒட்டு வீணை. குடத்தை மூடும் மேற்பலகை சமமாக வேண்டும், ஒட்டும் பரப்புகள் இடைவெளியில்லாமல் பொருந்த வேண்டும். இழைப்புளியின் முக்கிய வேலை இந்த இரண்டு இடங்களில்தான்.

வீணையில் ஒரு சலுகை உண்டு. அதன் 24 மெட்டுகளும் மெழுகில் உட்காருகின்றன. தண்டியில் சிறு மேடு பள்ளம் இருந்தாலும் மேளம் கட்டும்போது, அதாவது மெட்டுகளைப் பொருத்தும்போது, மெழுகை ஏற்றி இறக்கிச் சரிசெய்துவிடலாம். கிட்டாரிலும் யூகலேலியிலும் அது நடக்காது. அங்கே மெட்டுக் கம்பிகள் நேராக மரத்தில் இறங்குகின்றன. பலகை ஒரு மயிரிழை வளைந்தாலும் தந்தி எங்கேயாவது உரசிக் கரகரக்கும்.

நாதஸ்வரம் வேறு கதை. 2022இல் புவிசார் குறியீடு பெற்ற நரசிங்கம்பேட்டை நாதஸ்வரம் ஆச்சா மரத்தைக் கடைந்து செய்வது. இழைப்புளிக்கு அங்கே பெரிய வேலை இல்லை. ஆகவே எந்த வாத்தியம் என்பதை முடிவு செய்த பிறகு கடைக்குப் போங்கள்.

முதல் முயற்சிக்கு நான் சொல்வது பெட்டி வடிவத் தம்புரா. நான்கு தந்தி, மெட்டு கிடையாது, குடம் குடைய வேண்டாம். ஆறு பலகைகளும் ஒரு கழுத்தும் நேராக வந்தால் போதும். அதில் மேற்பலகைக்கு அதிகக் கவனம் கொடுங்கள். ஸ்பெயின் நாட்டுக் கிட்டார் கைவினைஞர் அந்தோனியோ டி டோரஸ் 1862இல் பக்கங்களையும் பின்புறத்தையும் காகிதக்கூழ் அட்டையில் செய்து, மேற்பலகையை மட்டும் நல்ல மரத்தில் வைத்து ஒரு கிட்டாரே செய்து காட்டினார். நாதம் பிறக்கும் இடம் மேற்பலகை என்பது அவர் வாதம். அந்தப் பலகையின் கனத்தைக் குறைக்கப்போவது உங்கள் இழைப்புளிதான்.

பலாவின் குணம்

பண்ருட்டிப் பக்கத்திலிருந்து வரும் பலாவைப் புதிதாக அறுத்தால் மஞ்சளாக இருக்கும். நாளாக ஆகப் பழுப்பேறும். தேக்குக்குப் பழகிய கைக்கு அது சிக்கல் கொடுக்கும். நார் ஒரே திசையில் ஓடாது. ஒரு விரல் அகலம் இந்தப் பக்கம் சாய்ந்திருந்தால் அடுத்த விரல் அகலம் எதிர்ப்பக்கம் சாய்ந்திருக்கும். ஒரு திசையில் இழைத்தால் ஒரு பட்டை வழவழவென்று வரும், பக்கத்துப் பட்டை பெயர்ந்து குழி விழும்.

என் முதல் இழைப்புளி பளபளப்பான புதுசு. பெட்டியிலிருந்து எடுத்த கையோடு பலாப் பலகையில் ஓட்டினேன். சுருள் வரவில்லை, தூளும் சிம்பும் வந்தன. பலகையில் அம்மை போட்டதுபோல் தழும்பு. அதைத் தூக்கிக்கொண்டு தஞ்சாவூரில் ஒரு வயதான ஆசாரியிடம் போனேன்.

அவர் இழைப்புளியைப் பார்க்கவே இல்லை. பலகையை இரண்டு பக்கமும் உள்ளங்கையால் தடவினார். "தம்பி, இதத் தடவிப் பாத்தீங்களா?" என்றார்.

"இல்லீங்க ஐயா."

"பூனையைத் தடவுற மாதிரிதான். எந்தப் பக்கம் சிலுத்துக்குதோ அந்தப் பக்கம் தள்ளாதீங்க."

பிறகு அலகைக் கழற்றி நகத்தில் வைத்து இழுத்தார். வழுக்கிக்கொண்டு போனது. "இது கத்தியே இல்லை, தகடு" என்று சொல்லிவிட்டுக் கல்லில் தண்ணீர் தெளித்தார். கால் மணி நேரம் தீட்டினார். அதே இழைப்புளி, அதே பலகை. கொஞ்சம் கோணலாகப் பிடித்துத் தள்ளியதும் வெங்காயச் சருகுபோல் ஒரு சுருள், அலகு நீட்டிக்கொண்டிருக்கும் வாய் வழியாக எழும்பி வந்தது. தழும்பு முழுக்கப் போகவில்லை. மிச்சத்தை உடைந்த கண்ணாடித் துண்டால் சுரண்டி எடுத்தார்.

மூன்று வகை

ஆப்பு வைத்த மர இழைப்புளி: விலை குறைவு, எடை குறைவு, மரத்தின்மேல் வழுக்கி ஓடும். அலகை இறக்கச் சுத்தியலால் அதன் தலையில் தட்ட வேண்டும். ஏற்ற உடம்பின் பின்பக்கத்தில் தட்ட வேண்டும். கை பழக மாதக்கணக்கில் ஆகும். அடிப்பரப்பு தேயத் தேய வாய் அகலமாகும், வாய் அகன்றால் பலா பெயரும். பக்கத்தில் சொல்லிக்கொடுக்க ஆசாரி இருந்தால் இதை வாங்கலாம்.

திருகு வைத்த இரும்பு இழைப்புளி: அமெரிக்கரான லியனார்ட் பெய்லி 1860களில் உருவாக்கிய அமைப்பு. 1869இல் அந்த உரிமையை ஸ்டான்லி நிறுவனம் வாங்கியது. இன்று இந்தியாவில் வார்க்கும் இரும்பு இழைப்புளிகள் பெரும்பாலும் அந்த அமைப்பின் நகல்கள்தான். எண்கள்கூட அதே எண்கள். 4 நம்பர் ஏறக்குறைய 10 அங்குலம், 5 நம்பர் 14 அங்குலம், 7 நம்பர் 22 அங்குலம். பின்னால் உள்ள பித்தளைத் திருகைச் சுழற்றினால் அலகு ஏறும், இறங்கும். புதியவருக்கு இதுவே பெரிய உதவி.

ஒரு கைக்குள் அடங்கும் குட்டி இழைப்புளி: விளிம்புகளைச் சீவவும், ஓரங்களை மழுக்கவும், குறுக்கு வெட்டு முனைகளைச் சுத்தம் செய்யவும் வசதி. இரண்டாவதாக வாங்கலாம், அவசரமில்லை.

ஏன் 5 நம்பர்? ஓர் இழைப்புளி தன் நீளத்தைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு நீளத்தை நம்பகமாக நேராக்கும் என்பது பட்டறைக் கணக்கு. 14 அங்குலம் என்றால் 28 அங்குலம் வரை. சிறு தம்புராவின் பலகைகளும் கழுத்தும் பெரும்பாலும் அதற்குள் அடங்கும். 4 நம்பர் குட்டையானது. மேட்டில் ஏறிப் பள்ளத்தில் இறங்கி அலையோடு அலையாகப் போய்விடும். 7 நம்பர் கனம், விலையும் அதிகம்.

கடைக்கு ஓர் எஃகு அளவுகோலோடு போங்கள்

அலகைப் பின்னுக்கு இழுத்துவிட்டு இழைப்புளியைக் கவிழ்த்துப் பிடியுங்கள். அளவுகோலின் விளிம்பை நீளவாட்டில் வைத்து வெளிச்சத்துக்கு நேராகத் தூக்குங்கள். முன் முனை, வாயின் முன்னோரம், பின் முனை ஆகிய மூன்று இடங்களும் அளவுகோலைத் தொட வேண்டும். நடுவில் வேறெங்காவது மெல்லிய வெளிச்சக் கீற்று தெரிந்தால் பரவாயில்லை. வாயின் முன்னோரம் பள்ளமாக இருந்தால் வேண்டாம். அதைத் தேய்த்துச் சரிசெய்வதற்குள் வெறுத்துப்போகும்.

அடுத்து வாயின் மூலைகளைப் பாருங்கள். வார்ப்பிரும்பு கீழே விழுந்தால் விரிசல் அங்கேதான் விடும். விரிசல் விட்டதை இனாமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

அலகு சாய்ந்து உட்காரும் இருக்கையில் அதை வைத்து மூலைகளை விரலால் அழுத்திப் பாருங்கள். ஆடக்கூடாது. ஆடினால் மரத்தில் தடதடவென்று அலை விழும். திருகு அரைச் சுற்று சும்மா சுழல்வது எல்லாவற்றிலும் உண்டு, அது குறையல்ல. கைப்பிடி பிளாஸ்டிக்கா மரமா, பூச்சு எப்படி என்பதில் மனத்தைச் செலுத்த வேண்டாம்.

பழைய இரும்புக் கடையில் கிடைத்தால் மேல் துருவைப் பார்த்து ஒதுக்காதீர்கள். துரு தேய்த்தால் போகும். அலகில் மிச்ச நீளம் எவ்வளவு, அதன் தட்டையான பக்கத்தில் துரு குழி பறித்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். நுனிக்கு அருகே ஆழமான குழி இருந்தால் அந்த அலகு கூர் பிடிக்காது. புது அலகு தனியாகக் கிடைக்குமா என்று கேட்டுக்கொண்டு வாங்குங்கள்.

வீட்டுக்கு வந்தபின்

மலிவான இழைப்புளியைப் பாதி செய்து முடித்த பொருளாக நினையுங்கள். மீதி வேலை உங்களுடையது; ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்.

தடித்த கண்ணாடியின்மேல் 80 நம்பர் எமரித் தாளை ஒட்டுங்கள். இழைப்புளியின் அடிப்பரப்பில் பென்சிலால் குறுக்கும் நெடுக்கும் கோடு போடுங்கள். அலகைப் பூட்டிய நிலையிலேயே உள்ளுக்கு இழுத்துவிட்டுத் தேய்த்தால் மேடுகளில் கோடு முதலில் அழியும். முன்முனை, வாய், பின்முனையில் கோடு போனதும் 120, 220 என்று மாறி நிறுத்துங்கள். கண்ணாடிபோல் மின்ன வேண்டிய அவசியமில்லை.

அலகின் தட்டையான பக்கத்தில் நுனியை ஒட்டிய ஒரு சென்டிமீட்டரைக் கல்லில் வைத்துச் சமமாக்குங்கள். சரிவுப் பக்கத்தை 25 பாகையில் சாணை பிடித்து, நுனியை மட்டும் 30 பாகையில் தீட்டுங்கள். எதிர்ப்பக்கத்தில் விரல் வைத்தால் மெல்லிய பிசிறு தட்டுப்பட வேண்டும். அது முழு அகலத்துக்கும் வந்தால்தான் கூர் ஏறியதென்று பொருள். பழைய தோல் பெல்ட்டில் பின்னோக்கி இழுத்து அந்தப் பிசிறை எடுத்துவிடுங்கள்.

பலாவுக்காக இன்னும் இரண்டு உபாயம். அலகின்மேல் பூட்டும் மேல்தகட்டை நுனிக்கு அரை மில்லிமீட்டருக்குள் கொண்டுவாருங்கள். நார் பெயரும் முன்பே மடங்கி உடையும். அதுவும் போதாவிட்டால், உபரியாக ஓர் அலகு வாங்கி அதன் தட்டையான பக்கத்தின் நுனியில் 10 முதல் 15 பாகைக்கு மெல்லிய சரிவு தீட்டுங்கள். 45 பாகையில் வெட்டிக்கொண்டிருந்த இழைப்புளி 55 முதல் 60 பாகையில் வெட்டத் தொடங்கும். தள்ளக் கொஞ்சம் பாரம் கூடும். பெயர்வது நன்றாகக் குறையும். இருபதாயிரம் ரூபாய் இழைப்புளியும் பலாவிடம் இதைத்தான் செய்தாக வேண்டும்.

பழைய வீட்டு உத்தரத்தையோ கதவையோ அறுத்த மரமானால், இழைப்பதற்கு முன் காந்தத்தை மேலே ஓட்டிப் பாருங்கள். புதைந்த ஓர் ஆணி முழுநாள் தீட்டிய கூரைக் கொண்டுபோய்விடும்.

டெல்டாவின் ஈரம்

ஐப்பசி, கார்த்திகையில் இங்கே காற்றே நனைந்திருக்கும். காலையில் நேராக இழைத்த மெல்லிய பலகை மாலையில் கிண்ணம்போல் குழிந்திருந்தால் இழைப்புளியைத் திட்டாதீர்கள். சிமென்ட் தரையில் படுக்க வைத்திருப்பீர்கள். ஒரு பக்கம் ஈரம் குடிக்கும், மறுபக்கம் காயும். குச்சிகள்மேல் வையுங்கள், இரு பக்கமும் காற்று படட்டும். மேற்பலகையை ஒட்டும் வேலையை மழை ஓய்ந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். இரும்பு இழைப்புளியை வேலை முடிந்ததும் தையல் மெஷின் எண்ணெய் தொட்ட துணியால் துடையுங்கள். தேங்காய் எண்ணெய் நாளடைவில் பிசுக்கேறும்.

கடைசிச் சோதனை

வாங்கியதும் வாத்தியப் பலகையில் கை வைக்காதீர்கள். ஒன்றரை அடி நீளத்தில் இரண்டு பலாத் துண்டு எடுங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு விளிம்பை இழைத்து நேராக்கி, ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்த்து ஜன்னலுக்கு நேரே பிடியுங்கள். முதல் நாள் நடுவில் வெளிச்சம் வரும். அல்லது நடுவில் முட்டி இரு முனையிலும் வரும். அந்த இடத்தைப் பென்சிலால் குறித்து, மேடான இடத்தில் மட்டும் ஓர் இழுப்பு. மறுபடி ஜன்னலில் பிடியுங்கள். ஒரு வாரம் ஆகலாம். இணைப்பில் வெளிச்சம் முழுக்க அடைபட்ட அன்றைக்கு, மேற்பலகைக்கென்று எடுத்து வைத்த மரத்தை எடுங்கள். முதலில் இரு பக்கமும் தடவிப் பார்த்துவிட்டு.