வீட்டு ஹாலில் வீணை: வீடியோவில் ஒலி ஏன் கெடுகிறது?

கே.கே. நகரில் ஒரு வீட்டு ஹாலில் வீணை வாசிப்பதை போனில் எடுத்துப் பாருங்கள். படம் பளிச்சென்று வரும். சத்தம் மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருக்கும். உடனே காஸ்ட்லி மைக் வாங்க ஓட வேண்டாம். முக்கால்வாசி கோளாறு தூரத்தில்தான்.

மைக்குக்கு இரண்டு வழியில் ஒலி வருகிறது. ஒன்று, வாத்தியத்திலிருந்து நேராக. இன்னொன்று, டைல்ஸ் தரை, காங்கிரீட் கூரை, வெறும் சுவர் எல்லாவற்றிலும் மோதித் திரும்பி. தூரத்தைப் பாதியாக்கினால் நேர் ஒலி சுமார் 6 டெசிபல் கூடும். எதிரொலியோ அறை முழுக்க ஏறக்குறைய ஒரே அளவுதான். ஆளும் வாத்தியமும் ஃப்ரேமுக்குள் வர போன் 2.4 மீட்டர் தள்ளி நிற்கிறது என்று வையுங்கள். 60 சென்டிமீட்டரில் தனி மைக் வைத்தால் 12 டெசிபல் லாபம். இன்னொரு பழைய போனையே ரெக்கார்டராக அங்கே வைத்தாலும் போதும்.

1902-ல் கல்கத்தாவில் கௌஹர் ஜான் பாடியபோது மின் மைக்கே கிடையாது. கூம்பு வடிவக் குழாய்க்குள் கிட்டே நின்று பாட வேண்டியிருந்தது. நமக்குக் கருவி மாறிவிட்டது, கணக்கு மாறவில்லை.

அடுத்த வில்லன், போனின் தானியங்கி வேலைகள். மெதுவாக வாசித்தால் சத்தத்தை ஏற்றும், ஓங்கி மீட்டினால் இறக்கும். இழுத்து அடங்கும் கமகத்தின் வால் இதில் சிதைந்துவிடும். இரைச்சல் நீக்கும் வசதி அதைவிட மோசம். மாறாமல் ஒலிப்பதை எல்லாம் இரைச்சல் என்று நினைக்கும். தம்புரா மாறாமல்தானே ஒலிக்கிறது? சுருதியே காணாமல் போகலாம். அதனால் இந்த இரண்டையும் அணைக்க முடிகிற ரெக்கார்டிங் ஆப்பில் 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், வேவ் ஃபைலாக எடுங்கள். உச்ச சத்தம் மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாமல் இருக்கட்டும். உச்சி வெட்டுப்பட்டால் பிறகு சரிசெய்வது கஷ்டம்.

முட்டை அட்டை ஒட்டுவதால் பெரிய பிரயோஜனமில்லை. இலவம்பஞ்சு மெத்தையை எதிர்ச் சுவரில் சாய்த்து வையுங்கள், தரையில் ஜமக்காளம் விரியுங்கள். ஃபேனையும் ஃபிரிட்ஜையும் நிறுத்துங்கள் (ஃபிரிட்ஜை மறுபடி போட மறக்காதீர்கள்!). ஏர்போர்ட் பக்கம் என்பதால் விமானம் இறங்குகிற நேரத்தைப் பார்த்து உட்காருவது நல்லது. சுருதிப் பெட்டியை மைக்குக்குத் தள்ளி வையுங்கள். ஒரே டிராக்கில் கலந்துவிட்டால் பிரிப்பது பெரும்பாடு.

கடைசியாக, இரண்டு கருவியும் ஓட ஆரம்பித்ததும் கேமரா முன்னால் ஒரு தடவை கை தட்டுங்கள். எடிட்டிங்கில் அந்தத் தட்டலை வைத்துப் படத்தையும் ஒலியையும் பொருத்தலாம். முடிவிலும் ஒன்று தட்டுங்கள். இரண்டு கருவியின் கடிகாரமும் மில்லியனுக்கு 20 பங்கு வேறுபட்டாலே ஒரு மணி நேரத்தில் 72 மில்லி செகண்ட் விலகும். விரல் ஒரு பக்கம், நாதம் ஒரு பக்கம் என்று ஆகிவிடும்.

முழுப் பாட்டும் எடுக்கும் முன் ஒரு நிமிஷம் எடுத்து ஹெட்போனில் கேளுங்கள். வீட்டுப் பெரியவர்கள் களைப்பில்லாமல் ஒரு கீர்த்தனையை முழுசாக வாசிக்கிற நாள் அடிக்கடி வராது.