பொம்மை கொடுப்போம்

பெங்களூருவுக்குத் தெற்கே, ஓசூர் போகும் சாலையில் எலெக்ட்ரானிக் சிட்டி இருக்கிறது. இது 1978-ல் தொடங்கியது. அதற்கு முன் இவை கோனப்பன அக்ரஹாரம், தொட்டதோகூர் என்ற கிராமங்களின் நிலங்கள். இன்று எங்கு பார்த்தாலும் கம்பெனிகள். கண்ணாடிக் கட்டடங்கள்.

இந்தக் கட்டடங்களைக் கட்டுவது யார்? ராய்ச்சூர், கலபுரகி பக்கமிருந்து வந்தவர்கள். தமிழ்நாடு, ஆந்திரா, பீகாரிலிருந்து வந்தவர்கள். பலர் குடும்பத்தோடு தகரக் கொட்டகையில் தங்குகிறார்கள். ஒரு கட்டடம் முடிந்தால் அடுத்த இடம். மறுபடியும் மூட்டை கட்ட வேண்டும். மூட்டையில் பாத்திரம் போகும். துணி போகும். பொம்மைக்கு அதில் இடம் ஏது? பிள்ளைகள் மணலிலும் ஓட்டுச் சில்லிலும் விளையாடுகிறார்கள்.

தசரா லீவு வருகிறது. கர்நாடகத்தில் பல வீடுகளில் பொம்மைக் கொலு வைப்பார்கள். கன்னடத்தில் இதைப் பொம்மைப் பண்டிகை என்றே சொல்கிறார்கள். ஆனால் கொலுப் பொம்மையைப் பிள்ளைகள் பார்க்கலாம், தொடக் கூடாது! தொட்டு விளையாட ஒரு பொம்மை வேண்டாமா?

இதே காலத்தில்தான் 'தான் உத்சவ்' நடக்கிறது. தானத் திருவிழா என்று பொருள். 2009-ல் தொடங்கியது. ஆண்டுதோறும் அக்டோபர் 2 முதல் 8 வரை நடக்கும். துணி, புத்தகம், பொம்மை, உழைப்பு, எதையும் கொடுக்கலாம்.

கொடுப்பது பணக்காரர் வேலை என்று நினைக்கிறீர்களா? அமெரிக்காவில் நடந்ததைக் கேளுங்கள். 1947-ல் லாஸ் ஏஞ்சலஸ் நகரில் டயான் ஹெண்ட்ரிக்ஸ் என்ற பெண் தன் கையால் ஒரு பொம்மை செய்தார். "இதை ஏழைக் குழந்தைக்குக் கொடுக்கும் சங்கம் எதிலாவது சேர்த்துவிடுங்கள்" என்று கணவரிடம் கேட்டார். கணவர் பில் ராணுவ அதிகாரி. அவர் தேடிப் பார்த்தார். அப்படி ஒரு சங்கமும் இல்லை. "அப்படியானால் நீங்களே தொடங்குங்கள்" என்றார் டயான். அந்தக் கிறிஸ்துமசுக்கு பில்லும் நண்பர்களும் 5,000 பொம்மைகள் சேர்த்துக் கொடுத்தார்கள். 'டாய்ஸ் ஃபார் டாட்ஸ்' என்ற பெயரில் அந்த வேலை இன்றும் நடக்கிறது. எல்லாம் ஒரே ஒரு பொம்மையிலிருந்து வந்தது.

முதலில் அவர்கள் பழைய பொம்மைகளையும் வாங்கினார்கள். 1980 முதல் புதியவை மட்டும்தான். ஏழைப் பிள்ளைக்குக் கழித்துப் போட்டதைக் கொடுப்பது சரியல்ல என்பது ஒரு காரணம்.

நாம் பழையதைக் கொடுக்கவே கூடாதா? கொடுக்கலாம். ஆனால் கை ஒடிந்த பொம்மை, சக்கரம் இல்லாத கார் வேண்டாம். அது, "உனக்கு இது போதும்" என்று சொல்வதாகும். நல்ல பொம்மையைச் சோப்புப் போட்டுக் கழுவி வெயிலில் காய வைத்துக் கொடுங்கள். புதிதாக வாங்கினால் ஐ.எஸ்.ஐ. முத்திரை பாருங்கள். 2021 ஜனவரி முதல் பொம்மைகளுக்கு இது கட்டாயம். மைசூரு சாலையில் சன்னபட்டணத்து மரப் பொம்மையும் நல்லது. வெப்பாலை மரத்தில் கடைந்து அரக்கு பூசிச் செய்கிறார்கள்.

காசு இல்லையா? பழைய சேலையில் துணிப் பொம்மை தையுங்கள். கண்ணுக்குப் பித்தான் வைக்காதீர்கள், குழந்தை பிய்த்து வாயில் போட்டுக்கொள்ளும். நூலாலேயே கண் தைத்துவிடுங்கள். அதை அங்கன்வாடியில் கொடுத்தால் பல பிள்ளைகள் விளையாடுவார்கள்.

உங்கள் பிள்ளையின் பொம்மையைக் கேட்காமல் எடுத்துக் கொடுக்காதீர்கள். எதைக் கொடுக்கலாம் என்று பிள்ளையே சொல்லட்டும். பிள்ளையைக் கூடவே அழைத்துப் போங்கள். கொடுத்த பிள்ளை சும்மா நிற்காது. "இப்படி ஓட்டு, இந்தப் பக்கம் திருப்பு" என்று சொல்லிக் கொடுக்கத் தொடங்கிவிடும். அப்புறம் இரண்டையும் வீட்டுக்குக் கூப்பிடுவதுதான் கஷ்டம்.