மறுவாழ்வு ஆய்விதழுக்கான கட்டுரை ஆயத்தம்: கரியமாணிக்கம் போன்ற சிற்றூர்க் களத்தை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

மாற்றுத்திறனாளிகளின் மறுவாழ்வு குறித்த ஆய்விதழுக்குக் கட்டுரை ஆயத்தம் செய்தல் என்றவுடன் பக்க அமைப்பு, சொல் வரம்பு, மேற்கோள் முறை ஆகியவையே பெரும்பாலும் நினைவுக்கு வருகின்றன. ஆயினும் எவரைக் கணக்கில் கொள்வது, எந்தக் கருவியால் அளப்பது, களத்தில் கேட்ட தமிழை எவ்வாறு பெயர்ப்பது, தகவல் தந்தவரை எவ்வாறு காப்பது என்னும் நான்கு முடிவுகளைச் சார்ந்தே கட்டுரையின் நம்பகத்தன்மை அமைகின்றது. புதுச்சேரியின் கரியமாணிக்கம் போன்றதொரு சிற்றூரைக் களமாகக் கொள்ளும் ஆய்வை எடுத்துக்காட்டாக நிறுத்தி இக்கட்டுரை அம்முடிவுகளை விளக்குகின்றது.

திறவுச்சொற்கள்: மாற்றுத்திறன், மறுவாழ்வு, ஆய்விதழ், பார்த்தெல் அளவுகோல், அடையாளக் காப்பு, கரியமாணிக்கம்

முன்னுரை

கரியமாணிக்கம் புதுச்சேரி மாநிலம் பாகூர் வட்டத்தில் நெட்டப்பாக்கம் கொம்யூனைச் சேர்ந்த சிற்றூராகும். புதுச்சேரிப் பகுதி ஒரே தொடர் நிலப்பரப்பாக அமையாமல், தமிழ்நாட்டின் விழுப்புரம், கடலூர் மாவட்ட ஊர்களோடு பின்னிக் கிடக்கின்றது. அடுத்தடுத்த இரு ஊர்களில் ஒன்று புதுச்சேரி அரசின்கீழும் மற்றொன்று தமிழ்நாட்டு அரசின்கீழும் இருத்தல் இங்கு இயல்பு. ஓய்வூதியம், உதவிக் கருவிகள் போன்றவற்றை வழங்கும் திட்டங்களும் அதற்கேற்ப வேறுபடுகின்றன. இவ்வட்டாரத்தில் வாழ்வோர்க்கு இது சொல்லாமலே விளங்கும். நைரோபியிலோ மணிலாவிலோ இருந்து கட்டுரையைப் படிக்கும் மதிப்பீட்டாளருக்கு விளங்காது. களத்தாருக்கு வெளிப்படையாகத் தோன்றுவனவற்றை அறியாதவருக்குத் தெளிவுபடுத்துவதே கட்டுரை ஆயத்தத்தின் முதல் கடமை எனலாம்.

இதழைத் தேர்தல்

இதழின் பெயரே அதன் நோக்கத்தை உணர்த்துவதுண்டு. மாயா தாமஸை ஆசிரியராகக் கொண்டு பெங்களூரிலிருந்து வெளிவந்த ‘ஆசிய பசிபிக் மாற்றுத்திறன் மறுவாழ்வு இதழ்’, 2011ஆம் ஆண்டு ‘மாற்றுத்திறன், சமுதாயம் சார்ந்த மறுவாழ்வு, உள்ளடக்கிய வளர்ச்சி’ என்னும் பொருளுடைய பெயரை ஏற்றது. அதற்கு முந்தைய ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் சமுதாயம் சார்ந்த மறுவாழ்வுக்கான வழிகாட்டு நெறிகளை வெளியிட்டிருந்தது. சிகிச்சை என்னும் எல்லையைக் கடந்து கல்வி, வாழ்வாதாரம், சமூகப் பங்கேற்பு ஆகியவற்றையும் மறுவாழ்வாகக் கருதும் பார்வை அக்காலத்தில் வலுப்பெற்றது. ஆகவே, தசை வலிமையின் அளவை மட்டும் கூறும் கட்டுரை இத்தகைய இதழுக்குப் பொருந்தாது. வேலை உறுதித் திட்டப் பணியில் மாற்றுத்திறனாளிகளின் பங்கேற்பை ஆராயும் கட்டுரை உடலியல் மருத்துவ இதழுக்குப் பொருந்தாது.

பல்கலைக்கழக மானியக் குழு தன் கேர் பட்டியலைக் கைவிடுவதாக 2025ஆம் ஆண்டு அறிவித்தபின், இதழின் தரத்தை ஆராயும் பொறுப்பு ஆய்வாளரிடமும் அவர்தம் நிறுவனத்திடமும் வந்து சேர்ந்துள்ளது. ஆசிரியர் குழுவினர் உண்மையில் அத்துறையினரா, மதிப்பீட்டு முறை வெளிப்படையாகக் கூறப்பட்டுள்ளதா, கட்டண விவரம் முன்னரே தெரிவிக்கப்படுகிறதா ஆகிய மூன்றையும் அனுப்புவதற்கு முன்பே உறுதிசெய்தல் வேண்டும்.

எவர் கணக்கில் வருகிறார்?

2011ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு எட்டு வகைப்பாடுகளின்கீழ் இந்தியாவில் ஏறத்தாழ 2.68 கோடி மாற்றுத்திறனாளிகளைப் பதிவு செய்தது. இது மக்கள்தொகையில் 2.21 விழுக்காடு. 1995ஆம் ஆண்டுச் சட்டம் ஏழு வகைகளை ஏற்றிருந்தது. அதற்கு மாற்றாக வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016 இருபத்தொரு வகைகளை ஏற்றது. அரசு நலத்திட்டங்கள் பலவற்றிற்கு 40 விழுக்காட்டுக்குக் குறையாத பாதிப்பு என்னும் மருத்துவச் சான்று அடிப்படையாகின்றது. ஐக்கிய நாடுகள் அவையின் புள்ளியியல் ஆணையத்தின்கீழ் உருவான வாஷிங்டன் குழுவின் குறுவினாத் தொகுதியோ பார்த்தல், கேட்டல், நடத்தல், நினைவு, தன்னைப் பேணல், பிறருடன் தொடர்புகொள்ளல் ஆகிய ஆறு செயல்களில் உள்ள சிரமத்தை மட்டும் வினவுகின்றது. மாற்றுத்திறன் என்னும் சொல்லையே அது பயன்படுத்துவதில்லை.

ஒரே ஊரில் இவ்வேறுபட்ட அளவைகளைக் கையாண்டால் வேறுபட்ட எண்ணிக்கைகள் கிடைக்கும். கண்புரையால் பார்வை பெரிதும் மங்கிய மூதாட்டி சான்றிதழ்ப் பட்டியலில் இடம்பெறாமல் போகலாம். வாஷிங்டன் வினாக்களுக்கு ‘மிகுந்த சிரமம்’ என விடையளித்தால் கணக்கில் சேர்வார். எனவே ‘ஊரிலுள்ள மாற்றுத்திறனாளிகள் அனைவரும் ஆய்வுக்கு உட்படுத்தப்பட்டனர்’ என்னும் தொடர் தெளிவற்றது. எந்த வரையறை, எந்த வெட்டுப்புள்ளி, பெயர்கள் எந்தப் பட்டியலிலிருந்து பெறப்பட்டன, வீடுவீடாகத் தேடப்பட்டதா என்பனவற்றை ஆய்வு முறையியல் பகுதி கூறியாக வேண்டும். சான்றிதழ் பெற்றோரை மட்டும் கொண்ட ஆய்வு, அலுவலகம் வரை சென்று வர இயலாதவரை விட்டுவிடுகின்றது. மறுவாழ்வுச் சேவை மிகுதியும் தேவைப்படுவோர் அவர்களாகவே இருக்கக்கூடும்.

அளவுகோலும் வாழ்விடமும்

பக்கவாதத்திற்குப் பின் ஒருவர் அன்றாடச் செயல்களில் எவ்வளவு தன்னிறைவு பெற்றுள்ளார் என்பதை அளக்கப் பார்த்தெல் அளவுகோல் உலகெங்கும் கையாளப்படுகின்றது. 1965ஆம் ஆண்டு வெளியான இது பத்துச் செயல்களைக் கொண்டது. முழு மதிப்பெண் 100. அவற்றுள் மாடிப்படி ஏறுதலுக்கு 10 மதிப்பெண் உண்டு. படிக்கட்டே இல்லாத வீட்டில் வாழ்பவர்க்கு இவ்வினாவில் சுழியம் இடுவதா, திண்ணைப் படியை ஈடாகக் கொள்வதா, வினாவை நீக்கி 90க்குக் கணக்கிடுவதா? எம்முடிவாயினும் அது கட்டுரையில் பதிவாக வேண்டும். பதிவாகாவிடில் வீட்டின் அமைப்பு நோயாளியின் இயலாமையாகப் பதிவாகிவிடும்.

இடம்பெயர்தல் பற்றிய வினா கட்டிலுக்கும் நாற்காலிக்கும் இடையே மாறுவதைக் கருதுகின்றது. அதற்கு 15 மதிப்பெண். பாயில் படுத்து எழுபவர்க்குத் தரையிலிருந்து எழுதலே நாள்தோறும் எதிர்ப்படும் பணி. அதற்குக் கூடுதல் வலிமை வேண்டும். சம்மணமிட்டு உண்ணல், குந்தி அமர்ந்து மலங்கழித்தல் ஆகியவை அளவுகோலில் தனியே இல்லை. ஆகவே உயர்ந்த மதிப்பெண் பெற்ற ஒருவர் தம் வீட்டில் பிறர் துணையின்றி இயங்க முடியாதிருத்தல் கூடும். 2001ஆம் ஆண்டு உலக சுகாதார நிறுவனம் ஏற்ற செயற்பாட்டு வகைப்பாடு, சுற்றுச்சூழற் காரணிகளை உடற்குறையோடு இணைத்துக் காண்பது இதனாலேயே. அளவுகோலின் மதிப்பெண்ணோடு வீட்டின் அமைப்பு, கழிப்பறை வகை, உறங்கும் இடம் ஆகியவற்றையும் அட்டவணையில் தரும் கட்டுரை பிற நாட்டு ஆய்வாளருக்கும் பயன்படும்.

களத்தமிழும் மொழிபெயர்ப்பும்

நேர்காணல் வழி ஆய்வுகளில் இடர் மொழிபெயர்ப்பிலேயே தொடங்குகின்றது. ‘அவருக்கு ஒரு பக்கம் விழுந்துபோச்சு’ என்பது பக்கவாதத்தைக் குறிக்கும் வழக்கு. சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் ஒருவர் கீழே விழுந்ததாகப் பொருள்படும். காயத்திற்கான காரணங்கள் பட்டியலில் அவர் சேர்க்கப்படுவார். ‘காது மந்தம்’ என்பது சிறிதளவு கேளாமை முதல் பெருமளவு கேளாமை வரை அனைத்தையும் தழுவும். செவித்திறன் சோதனை இன்றி அதனை ஏதேனும் ஒரு மருத்துவப் படிநிலையாக எழுதுதல் பிழையாகும். மூலத் தமிழ்ப் பதிவை வைத்துக்கொண்டு ஒருவர் பெயர்க்க, மூலத்தைக் காணாத மற்றொருவர் மீண்டும் தமிழாக்க, வேறுபாடுகளைக் களப்பணியாளரோடு அமர்ந்து தீர்ப்பதே ஏற்புடைய வழி. இம்முறை பின்பற்றப்பட்டதைக் கட்டுரை ஓரிரு தொடர்களில் குறிப்பிடல் வேண்டும்.

ஆய்வாளரின் சொற்களுக்கும் இதே கவனம் தேவை. தமிழ்நாட்டு அரசு 2010ஆம் ஆண்டு ‘ஊனமுற்றோர்’ என்பதனை விடுத்து ‘மாற்றுத்திறனாளி’ என்னும் சொல்லை ஏற்றது. ‘சக்கர நாற்காலியில் முடங்கியவர்’ என்பதைவிடச் ‘சக்கர நாற்காலியைப் பயன்படுத்துபவர்’ என்பது மதிப்பும் துல்லியமும் உடையது. நாற்காலி அவரை முடக்கவில்லை, இயக்குகின்றது.

ஒப்புதலும் அடையாளக் காப்பும்

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு அறநெறி வழிகாட்டுதல்களின்படி, எழுதப் படிக்க இயலாதவரிடம் ஒப்புதல் பெறுங்கால் சார்பற்ற சாட்சி ஒருவர் உடனிருக்க வேண்டும். தாமே முடிவெடுக்க இயலாத நிலையில் சட்டப்படியான பொறுப்பாளரின் ஒப்புதல் தேவை. அறநெறிக் குழுவின் அனுமதியைக் கள ஆய்வுக்கு முன்பே பெறுதல் வேண்டும். கட்டுரை எழுதும் வேளையில் அதனைப் பின்தேதியிட்டுப் பெற இயலாது. புதிய சிகிச்சை முறையைச் சோதிக்கும் ஆய்வாயின், முதல் பங்கேற்பாளரைச் சேர்ப்பதற்கு முன் இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேட்டில் பதிவு செய்தலும் இன்றியமையாதது.

பெயரை நீக்கினால் அடையாளம் மறைந்துவிடும் என்னும் கருத்து பெருநகர மருத்துவமனைக்கு ஓரளவு பொருந்தலாம்; சிற்றூருக்குப் பொருந்தாது. ஊரின் பெயர், அகவை, பாலினம், குறைபாட்டின் வகை, தொழில் ஆகிய ஐந்தும் ஒரே வரியில் வந்தால் அவ்வூரார் எவரும் அவரை எளிதில் இனங்காண்பர். தம்மைப் பேணும் மருமகளைப் பற்றியோ ஓய்வூதியத்தை எடுத்துக்கொள்ளும் மகனைப் பற்றியோ ஒருவர் கூறியது அச்சேறிய பின் அவர் அதே வீட்டில்தான் வாழவேண்டும். ஆகவே ஊரின் பெயரைத் தவிர்த்துக் கொம்யூன் அளவில் குறிப்பிடல், அகவையைப் பத்தாண்டு இடைவெளியில் தருதல், அரிதான குறைபாட்டைப் பெருவகைக்குள் அடக்குதல், ஒருவருடைய கூற்றுகளை ஒரே புனைபெயரால் தொடுக்காதிருத்தல் ஆகியவை கைக்கொள்ளத்தக்கன. களம் குறித்த துல்லியமும் தகவலாளரின் பாதுகாப்பும் முரண்படுமிடத்தில் பாதுகாப்பே முதன்மை பெற வேண்டும். விவரம் குறைக்கப்பட்டமையைக் கட்டுரையிலேயே கூறிவிடலாம்.

வடிவமைப்பும் மதிப்பீடும்

எஞ்சியவை ஒழுங்கு சார்ந்தவை. அறிமுகம், முறையியல், முடிவுகள், கலந்துரையாடல் என்னும் நான்கு பகுதிகள் பெரும்பாலான இதழ்களுக்குப் பொது. நோக்கீட்டு ஆய்வுக்கு 22 கூறுகளைக் கொண்ட ஸ்ட்ரோப் பட்டியலும், நேர்காணல் ஆய்வுக்கு 32 கூறுகளைக் கொண்ட கோரெக் பட்டியலும் விடுபாடுகளைக் கண்டறிய உதவும். இருபுற மறைமதிப்பீடு உள்ள இதழுக்கு அனுப்புங்கால் தலைப்புப் பக்கத்தை மட்டும் பிரித்தல் போதாது. அறநெறிக் குழுவின் பெயர், நன்றியுரை, கோப்பின் உட்பண்புகள் ஆகியவையும் ஆசிரியரைக் காட்டிக்கொடுக்கும். மதிப்பீட்டாளரின் ஒவ்வொரு கருத்துக்கும் தனித்தனியே விடையெழுதி, திருத்திய இடத்தைச் சுட்டுதல் மரபு. ஏற்க இயலாத கருத்துக்குச் சான்றுடன் மறுப்புரைத்தலும் அம்மரபில் அடங்கும்.

முடிவுரை

மேற்கண்ட நான்கு முடிவுகளும் எழுத்துப் பணியின்போது எடுக்கத்தக்கன அல்ல. வினாநிரல் அமைக்கும் நாளிலேயே எடுக்கப்பட வேண்டியன. படிக்கட்டு பற்றிய வினாவைக் களத்தில் எவ்வாறு கையாண்டனர் என்பது குறித்துவைக்கப்படாவிடின், எழுதும் மேசையில் அதனை மீட்டெடுக்க வழியில்லை. கட்டுரை வெளிவந்தபின் அதன் சாரத்தை எளிய தமிழில் இரண்டு பக்கங்களாக்கி, படிக்க இயலாதார்க்கு ஒலிப்பதிவாக்கி, பங்கேற்றோரிடமும் அப்பகுதிச் சுகாதாரப் பணியாளரிடமும் சேர்த்தல் ஆய்வின் நிறைவுப் பணியாகும். தம் சொற்கள் எவ்வாறு பொருள்கொள்ளப்பட்டன என்பதை அறியும் உரிமை, அச்சொற்களைத் தந்தவர்க்கே முதலில் உரியது.