மனைவியின் வழிபாட்டைத் தடுத்தவருக்கு வாக்குரிமை இல்லை!

இங்கிலாந்தில் சமய நெருக்கடிக்கு ஆளாகி அமெரிக்காவுக்குக் கப்பலேறியவர்கள், போன இடத்தில் எல்லாருக்கும் வழிபாட்டுச் சுதந்திரம் கொடுத்தார்கள் என்று பலரும் நினைப்பதுண்டு. உண்மை அதுவல்ல. மசாசூசெட்ஸ் காலனியை அமைத்த பியூரிட்டன்கள் அந்தச் சுதந்திரத்தைத் தங்களுக்காக மட்டுமே தேடிக்கொண்டனர்.

1631இல் அங்கு வந்த ரோஜர் வில்லியம்ஸ் என்ற பாதிரியார் இரண்டு கேள்விகளை எழுப்பினார். பூர்வகுடியினரின் நிலத்தை இங்கிலாந்து மன்னர் எப்படி எடுத்துக் கொடுக்கலாம்? ஒருவருடைய வழிபாட்டில் அரசாங்கத்திற்கு என்ன வேலை? 1635இல் அவரை வெளியேற்றும்படி தீர்ப்பாயிற்று. 1636 ஜனவரியில், கொட்டும் பனியில் தப்பிச் சென்றவருக்கு அடைக்கலம் தந்தவர்கள் அந்தப் பூர்வகுடியினரே. நாரகன்செட் இனத் தலைவர்களிடம் நிலம் பெற்று அவர் அமைத்த ஊர்தான் பிராவிடன்ஸ். அதுவே ரோட் ஐலண்ட் காலனியின் தொடக்கம்.

குடும்பத் தலைவர்கள் கூடிப் பேசி, பெரும்பான்மை முடிவுப்படி ஊர்க் காரியங்களை நடத்தினர். ஆனால், உலகியல் விஷயங்களில் மட்டுமே ஊருக்குக் கட்டுப்படுவோம் என்று எழுதிக் கையொப்பமிட்டிருந்தனர்.

இதற்குச் சோதனை விரைவிலேயே வந்தது. ஜோஷுவா வெரின் என்பவர், வில்லியம்ஸ் வீட்டில் நடந்த வழிபாட்டுக்குத் தம் மனைவி ஜேன் அடிக்கடி செல்வதைத் தடுத்தார், அடிக்கவும் செய்தார். கணவனுக்கு அடங்கி நடப்பதும் வேத கட்டளைதானே என்று சிலர் அவருக்காக வாதாடினர். ஆயினும் 1638இல் ஊர்க்கூட்டம் அவருடைய வாக்குரிமையைப் பறித்தது. மனைவிக்கும் மனசாட்சி உண்டு என்று அந்தக் காலத்தில் ஓர் ஊர் தீர்மானித்தது சாதாரண விஷயமல்ல. வெரினோ மனைவியை அழைத்துக்கொண்டு மசாசூசெட்ஸுக்கே திரும்பிவிட்டார். ஜேனுக்கு அந்தத் தீர்ப்பால் பயன் கிட்டவில்லை.

1657இல் குவேக்கர் சமயத்தாரை விரட்டும்படி அண்டைக் காலனிகள் நெருக்கின. ரோட் ஐலண்ட் மறுத்துவிட்டது. அங்கு வாழ்ந்த மேரி டயர் என்ற குவேக்கர் பெண்மணி, தடையை மீறிப் பாஸ்டனுக்குச் சென்றதற்காக 1660இல் தூக்கிலிடப்பட்டார். இத்தனைக்கும் வில்லியம்ஸுக்குக் குவேக்கர் கொள்கை அறவே பிடிக்காது! 1672இல், ஏறத்தாழ 70 வயதில், நாள் முழுதும் துடுப்பு வலித்து நியூபோர்ட் சென்று அவர்களோடு நாள்கணக்கில் தர்க்கம் செய்தார். தர்க்கம் செய்தாரே தவிர, தண்டிக்கச் சொல்லவில்லை.

1663இல் இரண்டாம் சார்ல்ஸ் மன்னரின் சாசனமும் இந்த உரிமையை உறுதிப்படுத்தியது. நியூபோர்ட்டில் 1763இல் திறக்கப்பட்ட யூதர் ஆலயம் இன்றும் நிற்கிறது. அதே நூற்றாண்டில், அதே துறைமுகத்திலிருந்துதான் ஆப்பிரிக்க அடிமை வணிகத்துக்கும் கப்பல்கள் புறப்பட்டன.