வரைபடத்தில் கை வைப்பது யார்?
ஏட்டில் ஏறாத சொத்து – 9

ஆடி ஞாயிறு என்றால் பெரியபாளையத்தில் பவானி அம்மன் கோயிலைத் தாண்டி வண்டி நகராது. மற்ற நாள்களில் விடிகாலையில் அந்தச் சாலையில் ஓடுபவை கம்பெனி பஸ்கள். ஒரு பக்கம் கும்மிடிப்பூண்டி சிப்காட், இன்னொரு பக்கம் மிஷலின் டயர் ஆலை இருக்கும் தேர்வாய் கண்டிகை, மூன்றாவது பக்கம் திருவள்ளூர்.

சென்னை பாடியில் சுந்தரம் கிளேட்டன் 1998-இல் தர மேலாண்மைக்கான டெமிங் பரிசு வாங்கிய கதையைச் சென்ற வாரம் பார்த்தோம். நல்ல மெஷினும் வெளிநாட்டுத் தொழில்நுட்பமும் காசு கொடுத்தால் கிடைக்கின்றன. பிறகு ஏன் அந்த பஸ்கள் ஆளிறக்கும் கம்பெனிகளில் ஒன்று வளர்கிறது, இன்னொன்று தேய்கிறது?

டெமிங் பரிசு வந்த அதே 1998-இல்தான் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் தன் திருவள்ளூர் ஆலையிலிருந்து மிட்சுபிஷி லான்சரை வெளியே விட்டது. அம்பாசடர் கம்பெனியா இப்படியொரு காரைக் கொடுக்கிறது என்று ஊரே வியந்தது. ஓட்டிப் பார்த்தவர்கள் இன்றும் அதைக் குறை சொல்வதில்லை. ஆனால் காரின் வடிவமைப்பு மிட்சுபிஷியுடையது. திருவள்ளூருக்கு வந்தது அதைச் செய்யும் உரிமம். ஜப்பானில் 2000-இல் வந்த அடுத்த லான்சர், இங்கே ‘சீடியா’வாக வர 2006 ஆயிற்று. அதற்குள் போட்டிக்காரர்கள் மாடல் மாற்றிவிட்டார்கள். பிறகு அதே ஆலை இசுசு வண்டிகளை ஒப்பந்தத்துக்குப் பூட்டிக் கொடுத்தது. 2016-இல் ஆந்திராவின் ஸ்ரீசிட்டியில் இசுசுவின் சொந்த ஆலை திறந்ததும் அந்த வேலையும் போயிற்று.

தொழிலாளிக்குத் திறமை போதவில்லை என்று இதற்கு விளக்கம் சொல்பவர்கள் உண்டு. நான் ஒப்பமாட்டேன். இதே ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் இதே திருவள்ளூரில் மண்வாரி இயந்திரங்களும் செய்துவந்தது. அந்தப் பிரிவைக் கேட்டர்பில்லர் வாங்கியது. சுரங்கங்களில் ஓடும் ராட்சத லாரிகள் இன்று அங்கே தயாராகின்றன. ஊர் மாறவில்லை, வேலைக்கு வருபவர்களும் அதே வட்டாரத்துக்காரர்கள்தான். ஆளுடைய திறமை வேறு, கம்பெனியுடைய திறன் வேறு. வரைபடத்தில் கை வைக்க யாருக்கு அனுமதி, வைத்துப் பழக்கம் உண்டா, தப்பானால் யார் தாங்குவார்கள் என்பதெல்லாம் இரண்டாவது கணக்கு.

இதற்கு நேர் எதிரான கதை திருவொற்றியூரில் இருக்கிறது. 1946-இல் கே.எம். மாம்மன் மாப்பிள்ளை அங்கே ஒரு கொட்டகையில் பொம்மை பலூன் செய்யத் தொடங்கினார். 1952-இல் அவருடைய மெட்ராஸ் ரப்பர் ஃபேக்டரி டிரெட் ரப்பருக்கு வந்தது. தேய்ந்த டயருக்கு மேல்தோல் போடும் சரக்கு அது. 1961-இல் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்து மான்ஸ்ஃபீல்ட் கம்பெனியோடு கைகோத்து டயரில் இறங்கியது. வாங்கி வந்த தொழில்நுட்பம் நம் சாலைக்கு ஒத்துவரவில்லை. அங்கே வழவழ சாலை; இங்கே குண்டும் குழியும், அளவுக்கு மேல் ஏற்றிய பாரம், வெயில். பாரம் கூடினால் டயர் அதிகம் வளைந்து கொடுக்கும், உள்ளே சூடு ஏறும், ஒட்டிய அடுக்குகள் பிரியும்.

இந்த இடத்தில் இரண்டு வழி உண்டு. ஒப்பந்தத்தில் உள்ளதைச் செய்கிறோம் என்று உட்கார்ந்திருக்கலாம். மாப்பிள்ளை ரப்பர் கலவையில் கை வைத்தார். 1963-இல் திருவொற்றியூரில் ரப்பர் ஆராய்ச்சி மையத்துக்கு நேரு அடிக்கல் நாட்டினார். 1967-இல் அமெரிக்காவுக்கே டயர் ஏற்றுமதியானது. 1979-இல் மான்ஸ்ஃபீல்ட் திவாலாகி விலகியபோது இங்கே பெயர்ப்பலகையை எம்ஆர்எஃப் என்று மாற்றினார்கள், உற்பத்தி நிற்கவில்லை. குரு போன பிறகும் வித்தை நின்றது.

டிரெட் ரப்பர் விற்ற அந்த ஒன்பது ஆண்டுகள்தான் இதற்கு அடிப்படை என்பது என் கணிப்பு. டயருக்கு மேல்தோல் போடும் கடைகளோடு புழங்கியவனுக்கு, எந்த லாரியின் டயர் எங்கே வெடிக்கிறது என்று தெரிந்திருக்கும். டயர் செய்வதற்கு முன்பே டயர் எப்படிச் சாகிறது என்று படித்துவிட்ட கம்பெனி அது. மேலாண்மைக்காரர்கள் இதை அறிவு மூலதனம் என்பார்கள்: ஆளின் தலைக்குள் இருப்பது, கம்பெனியின் முறைகளில் படிந்தது, வாடிக்கையாளரோடு உள்ள உறவில் கிடைப்பது என்று மூன்று வகை.

இந்தச் சொத்தை ஐந்தொகையில் தேடினால் கிடைக்காது. கணக்கியல் விதி அப்படி. இண்ட் ஏஎஸ் 38 என்ற தரநிலையின்படி பயிற்சிக்குச் செலவழித்த பணம் அந்தந்த ஆண்டின் செலவு. ஆராய்ச்சிக்கட்டச் செலவும் அப்படியே. தேர்ந்த பணியாளர் கூட்டத்தைச் சொத்தாகக் காட்டப் பொதுவாக வழியில்லை, ஏனெனில் அவர்கள் கம்பெனியின் கட்டுப்பாட்டில் இல்லை; நாளைக்கே எழுந்து போய்விடலாம். விதியில் நியாயம் இருக்கிறது. இருந்தும் ஸ்வீடனின் ஸ்காண்டியா என்ற காப்பீட்டு நிறுவனம் 1994 ஆண்டறிக்கையோடு அறிவு மூலதனத்துக்கென்று தனி இணைப்பே வெளியிட்டது. உலகம் அதைப் பாராட்டியது; பின்பற்றியவர்கள் சிலரே.

ஆனால் கணக்கில் செலவாகத் தெரிவதை மேலாளரும் செலவாகவே பார்க்கத் தொடங்கும்போது வம்பு வருகிறது. தமிழ்நாட்டில் 1981-இல் ஒரு சட்டம் வந்தது: 24 மாதங்களில் 480 நாள் வேலை செய்த தொழிலாளி நிரந்தரம். தொழிலாளிக்குக் காப்பாக வந்த அந்த எண்ணையே சில இடங்களில் ஆளை அனுப்பும் கெடுவாக வைத்துக்கொண்டார்கள். கான்ட்ராக்டர் மாறுவார், பெயர் மாறும், புது ஆள் வருவார். ஒரு மெஷினின் சத்தத்தை வைத்தே கோளாறைச் சொல்லக் கற்றுக்கொண்டவன் அந்தக் கெடுவுக்குள் கேட்டுக்கு வெளியே வந்து, பக்கத்துக் கம்பெனிக்குப் போய் முதலிலிருந்து தொடங்குகிறான். மிச்சமான சம்பளம் அந்த ஆண்டின் லாபக் கணக்கில் வரும். போன வித்தைக்கு எந்த ஏட்டிலும் பற்று எழுதுவதில்லை.

நிரந்தரம் செய்தால் கட்டுப்படியாகாது என்று சிறு ஆலை முதலாளிகள் சொல்வதையும் லேசாகத் தள்ள முடியாது. பெரிய கம்பெனி விலையை நெருக்கினால் அவர்கள் கை வைக்கக்கூடிய இடம் கூலி ஒன்றுதான். அந்த விலைப் பேரத்தை அடுத்த வாரம் எடுத்துக்கொள்வோம்.