மாரியப்பன் தங்கவேலு

மாரியப்பன் தங்கவேலு (பிறப்பு: சூன் 28, 1995) சேலம் மாவட்டத்தைச் சேர்ந்த உயரம் தாண்டுதல் வீரர். பாராலிம்பிக் போட்டிகளில் 2016 ரியோவில் தங்கமும், டோக்கியோவில் வெள்ளியும், 2024 பாரிசில் வெண்கலமும் வென்றார். தொடர்ச்சியாக மூன்று பாராலிம்பிக்கில் பதக்கம் பெற்ற முதல் இந்தியர் இவரே. பதக்கங்களின் வரிசையை மட்டும் பார்ப்பவருக்கு இது இறங்குமுகமாகத் தோன்றும்; தாண்டிய உயரங்களைப் பார்த்தால் அப்படிச் சொல்ல முடியாது.

இளமைக் காலம்

ஓமலூர் வட்டாரத்தில் உள்ள பெரியவடகம்பட்டி இவரது ஊர். ஐந்து வயதில் பள்ளிக்கு நடந்து சென்றபோது பேருந்து ஏறி, வலது கால் முழங்காலுக்குக் கீழே நசுங்கியது. அதன் பிறகு அந்தக் கால் வளரவில்லை. செங்கல் சுமந்தும் பின்னர் காய்கறி விற்றும் குடும்பத்தை நடத்திய தாயார் சரோசா, மகனின் சிகிச்சைக்காக மூன்று லட்சம் ரூபாய் வரை கடன் வாங்கினார். மகன் ரியோவுக்குப் போன ஆண்டிலும் அந்தக் கடன் அடைந்திருக்கவில்லை.

பள்ளியில் மாரியப்பனுக்கு முதலில் பிடித்தது கைப்பந்து. உயரம் தாண்டுதலுக்குத் திருப்பியவர் உடற்கல்வி ஆசிரியர் ஆர். இராசேந்திரன். பதினான்கு வயதில் உடற்குறை இல்லாத மாணவர்களோடு போட்டியிட்டு இரண்டாம் இடம் பெற்றபோதுதான் ஊரார் இவரைக் கவனித்தனர். 2013 தேசியப் போட்டியில் பயிற்சியாளர் சத்தியநாராயணா இவரைக் கண்டார். 2015இல் பெங்களூருவில் முறையான பயிற்சி தொடங்கியது. அதற்கு முந்தைய சில ஆண்டுகள் காலையில் வீடுவீடாகச் செய்தித்தாள் போட்டும் பகலில் கட்டட வேலை செய்தும் கழிந்தன.

போட்டிப் பிரிவு

பாராலிம்பிக்கில் வீரர்கள் குறைபாட்டின் தன்மைக்கேற்பப் பிரிக்கப்படுகின்றனர். மாரியப்பன் டி42 பிரிவினர். செயற்கைக் கால் இல்லாமல் தாண்டுகிறார். முழங்காலுக்கு மேல் காலை இழந்து செயற்கைக் காலுடன் ஆடுபவர்கள் 2018 முதல் டி63 எனத் தனியாகக் குறிக்கப்பட்டாலும், உயரம் தாண்டுதலில் இரு பிரிவினரும் ஒரே களத்தில் மோதுகின்றனர். அமெரிக்க வீரர் சாம் குரூவ் இந்த இரண்டாம் வகையினர். மாரியப்பனுடைய பெரிய போட்டிகள் பலவற்றில் அவர் பெயரும் இருக்கும்.

ரியோ முதல் பாரிசு வரை

2016 மார்ச்சில் துனீசியாவில் 1.78 மீட்டர் தாண்டி ரியோவுக்குத் தகுதி பெற்றார். செப்டம்பரில் நடந்த இறுதிப் போட்டியில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வென்றார். குரூவும் இந்தியாவின் வருண் சிங் பாட்டியும் 1.86 மீட்டரில் நின்றனர். முரளிகாந்த் பெட்கர், தேவேந்திர சச்சாரியா ஆகியோருக்குப் பிறகு பாராலிம்பிக் தங்கம் வென்ற மூன்றாவது இந்தியர் ஆனார். தமிழ்நாடு அரசு இரண்டு கோடி ரூபாய் பரிசு அறிவித்தது. கிடைத்த பரிசுத் தொகையிலிருந்து 30 லட்சம் ரூபாயைத் தாம் படித்த அரசுப் பள்ளிக்குத் தருவதாக இவர் அறிவித்தார். கடனில் வளர்ந்த ஒருவருக்கு அது சிறிய தொகையல்ல.

அடுத்த ஆண்டுகள் எளிதாக இல்லை. 2018 சகார்த்தா ஆசியப் பாரா விளையாட்டில் 1.67 மீட்டருடன் வெண்கலம்தான் கிடைத்தது. சரத் குமார் 1.90 மீட்டர் தாண்டித் தங்கம் வென்றார். 2019 துபாய் உலகப் போட்டியிலும் வெண்கலமே.

டோக்கியோ போட்டி பெருந்தொற்றால் 2021இல் நடந்தது. தொடக்க விழாவில் தேசியக் கொடி ஏந்த இவரே தேர்வாகியிருந்தார். ஆனால் உடன் பயணித்த ஒருவருக்குக் கொரோனா தொற்று உறுதியானதால் தனிமைப்படுத்தப்பட்டார். கொடி தேக் சந்த் கைக்குப் போனது. ஆகத்து 31 அன்று இறுதிப் போட்டி மழையில் நடந்தது. குறைபாடுள்ள காலில் அணிந்திருந்த காலுறை நனைந்து கனத்ததால் தாண்டுவது கடினமாயிற்று என்று இவர் பின்னர் கூறினார். 1.86 மீட்டரை இவரும் குரூவும் தாண்டினர். 1.88 மீட்டரில் மாரியப்பனின் மூன்று முயற்சிகளும் தவறின. குரூவ் தம் மூன்றாவது, கடைசி முயற்சியில் தாண்டிவிட்டார். தங்கத்துக்கும் வெள்ளிக்கும் இடையே இருந்தது இரண்டு செ.மீ.

2024 மே மாதம் சப்பானின் கோபே நகரில் அதே 1.88 மீட்டர் இவருக்கு வசப்பட்டது. உலக வாகையர் போட்டியில் முதல் தங்கமாக அமைந்த அது, அப்போது அப்போட்டியின் சாதனை உயரமாகவும் இருந்தது. எசுரா பிரெச்சு இரண்டாவதாகவும் குரூவ் மூன்றாவதாகவும் வந்தனர். ஆனால் நான்கு மாதங்களுக்குள் பாரிசில் பிரெச்சு 1.94 மீட்டர் தாண்டினார். சரத் குமார் 1.88 மீட்டருடன் வெள்ளியும், மாரியப்பன் 1.85 மீட்டருடன் வெண்கலமும் பெற்றனர். எட்டு ஆண்டுகளில் இவரது உயரம் நான்கு செ.மீ. மட்டுமே குறைந்திருந்தது. ரியோவில் தங்கம் தந்த 1.89 மீட்டரை அன்று மீண்டும் தாண்டியிருந்தாலும் வெள்ளிதான் கிடைத்திருக்கும்.

விருதுகளும் பணியும்

2017இல் பத்மசிறீ, அருச்சுனா விருதுகளும், 2020இல் கேல் ரத்னா விருதும் பெற்றார். டோக்கியோ வெள்ளிக்குப் பிறகு, 2021 நவம்பரில், தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனத்தில் விற்பனைப் பிரிவின் துணை மேலாளராக நியமிக்கப்பட்டார்.