வேலை இல்லாதவரிடம் விட்டுப்போன பிள்ளைகள்

டீ ஆறுவதற்குள் கதையைச் சொல்லிவிடலாம். சிகாகோ புறநகரில் வசதியான ஒரு குடும்பம். நடுராத்திரியில் போன் அடிக்கிறது. இந்தியானாபோலிசில் இருக்கும் மனைவியின் அப்பாவுக்கு மாரடைப்பு. புருஷனும் பெண்டாட்டியும் உடனே கிளம்பியாக வேண்டும். மூன்று பிள்ளைகளை யாரிடம் விடுவது? வேறு ஆளே கிடைக்காமல், கடைசியில் புருஷனின் கூடப்பிறந்தவரைக் கூப்பிடுகிறார்கள். அவருக்குக் கல்யாணம் ஆகவில்லை, நிலையான வேலை கிடையாது. குதிரைப் பந்தயத்தில் வருவதை வைத்து வாழ்கிறார். சுருட்டும் உண்டு. பிள்ளைகளின் அம்மாவுக்கு அவரைக் கண்டாலே ஆகாது.

1989 ஆகஸ்டில் வந்த ‘அங்கிள் பக்’ படம் இது. எழுதி இயக்கியவர் ஜான் ஹியூஸ். பக் ரஸ்ஸலாக நடித்தவர் கனடாக்காரர் ஜான் கேன்டி, ஆறடி தாண்டிய பெரிய உடம்புக்காரர்.

வீட்டுவேலை தெரியாத ஆம்பளை திண்டாடுவதைப் பார்த்து நாம் சிரிக்கிறோம் என்றுதான் மேலோட்டமாகத் தோன்றும். அந்த வகைப் படத்தையும் இதே ஹியூஸ் எழுதியிருக்கிறார். 1983இல் வந்த ‘மிஸ்டர் மாம்’: வேலை போன கணவன் வீட்டோடு இருந்து பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு எல்லாவற்றையும் சொதப்புகிற கதை. ஆனால் பக்கை நன்றாகக் கவனித்தால் வேறொன்று தெரியும். அவரிடம் ஒப்படைத்த வேலை எதுவும் நிற்பதில்லை, எல்லாம் நடந்துவிடுகிறது. நடக்கிற விதம்தான் தாறுமாறு. துவைத்த துணியை மைக்ரோவேவ் அடுப்பில் காயவைக்கிறார். பையன் மைல்ஸின் பிறந்தநாள் காலையில் தாம்பாளத்தைவிடப் பெரிய பான்கேக் சுடுகிறார். அதைத் திருப்பிப்போட அவர் எடுப்பது பனி அள்ளுகிற மண்வெட்டி. பிள்ளைக்குப் பிறந்தநாள் பலகாரம் கிடைத்ததா என்றால், கிடைத்தது. எந்தப் பிள்ளையும் மறக்காத மாதிரி கிடைத்தது.

இந்தப் படத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம், மைல்ஸ் அவரைக் குறுக்குவிசாரணை செய்கிற காட்சி. எட்டு வயது மெக்காலே கல்கின் முகத்தில் சிரிப்பே இல்லாமல் கேள்வியாகப் போடுகிறான். எங்கே இருக்கிறீர்கள், சொந்த வீடா வாடகையா, என்ன வேலை, ஆபீஸ் எங்கே, மனைவி எங்கே, பிள்ளைகள் ஏன் இல்லை. கேமரா இவன் முகம், அவர் முகம் என்று மாறி மாறி வெட்டுகிறது, மூச்சுவிட இடமில்லை. வேகம்தான் சிரிப்பை வரவழைக்கிறது. ஆனால் கேள்விகளைத் தனியே எடுத்துவைத்துப் பாருங்கள். ஊரும் உறவும் அந்த மனிதரிடம் வாழ்நாள் முழுக்கக் கேட்ட கேள்விகள் அத்தனையும் அதில் இருக்கின்றன. பெரியவர்கள் கேட்டிருந்தால் அவமானம்; பையன் கேட்பதால் அவர் ஒவ்வொன்றுக்கும் சளைக்காமல் பதில் சொல்கிறார். அந்த வீட்டில் பிள்ளைகளோடு இப்படி உட்கார்ந்து பதில் சொல்ல வேறு யாருக்கும் நேரம் இருந்ததில்லை. வேலை இல்லை என்று எல்லோரும் பழித்த மனிதரிடம்தான் பிள்ளைகளுக்குக் கொடுக்க நேரம் இருக்கிறது. படத்தின் அச்சாணி இதுதான்.

சின்னவள் மெய்சியின் பள்ளிக்கூடத்திலும் இதையே பார்க்கலாம். ஆறு வயதுக் குழந்தை படிப்பில் அக்கறையில்லாமல் கனவு கண்டுகொண்டிருக்கிறாள் என்று துணைத் தலைமையாசிரியை குற்றப்பத்திரிகை வாசிக்கிறார். கனவு காணாத ஆறு வயதுக் குழந்தையைத் தனக்குத் தெரியவே வேண்டாம் என்கிறார் பக். இத்தனைக்கும் அவர் அந்தக் குழந்தையோடு பழகி ஒருசில நாள்தான் ஆகியிருக்கும்.

கனமான பகுதி மூத்தவள் டியாவுடையது. பதினைந்து வயது. ஊர் மாறி வந்த எரிச்சல், எப்போதும் வேலையிலேயே இருக்கும் அம்மா மேல் கோபம், ஒரு பையனின் பேச்சில் மயக்கம். பக் அவளைக் கூட்டிவர பள்ளி வாசலுக்குப் போகிற பழைய மெர்குரி கார் புகை கக்கும், துப்பாக்கி வெடித்ததுபோல் சத்தம் போடும். அவளுக்கு மானம் போகிறது. அவள் பழிவாங்கப் பொய் சொல்லி, பக்குக்கும் அவருடைய காதலி சனீஸுக்கும் இடையே சண்டை மூட்டுகிறாள். அந்த வார இறுதியில் அவள் வீட்டைவிட்டுப் போய்விட, பக் பணம் கிடைக்கும் என்று நம்பியிருந்த பந்தயத்தை விட்டுவிட்டு அவளைத் தேடிப் போகிறார். கண்டுபிடித்த பிறகு ‘நான் அப்போதே சொன்னேனே’ என்று ஒரு வார்த்தை சொல்வதில்லை. அதனால்தான் அவள் மனம் இறங்குகிறது.

எனக்கு ஒப்பாத இடமும் உண்டு. அந்தப் பையனைக் கோடாலி காட்டி மிரட்டுவதையும், பிறகு கட்டி கார் டிக்கியில் போடுவதையும் படம் வெறும் வேடிக்கையாகக் கடந்துபோகிறது. பெண்பிள்ளையைக் காப்பதென்றால் மிரட்டல்தான் என்ற அந்தக் காலத்து நினைப்பு அது.

இந்தப் படத்துக்கு ஒரு வாரிசும் உண்டு. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வந்த சனீஸை மைல்ஸ் கதவிலுள்ள தபால் துளை வழியாக விசாரிக்கிற ஒரு காட்சி வரும். அதிலிருந்து கிளைத்ததுதான் ஹியூஸ் எழுதித் தயாரித்து 1990இல் வந்த ‘ஹோம் அலோன்’. அதே கல்கின்தான் நாயகன். கேன்டியும் ஒரு சின்ன வேடத்தில் வருவார். ‘அங்கிள் பக்’ கதையே நம் பக்கத்து மலையாளத்தில் 1991இல் பத்ரன் இயக்கத்தில், உடம்பைப் பருமனாக்கிக் காட்டிய மோகன்லாலோடு ‘அங்கிள் பன்’ என்று வந்தது. கேன்டி 1994இல், 43 வயதிலேயே, மெக்சிகோவில் படப்பிடிப்புக்குப் போன இடத்தில் மாரடைப்பில் இறந்துபோனார்.

படம் 100 நிமிடம். பேச்சு அங்கங்கே கொச்சையாக இருக்கும். சின்னப் பிள்ளைகளுக்குப் போடுவதற்குமுன் ஒருமுறை நீங்கள் பார்த்துவிடுங்கள். வீட்டில் டியா வயதுப் பிள்ளை இருந்தால் சேர்ந்தே உட்கார்ந்து பாருங்கள்.